மங்கல இசையும் ஊரார் கடமையும்
(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

ஓர் ஊரின் வளர்ச்சியைச் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், மின்விளக்கு ஆகியவற்றைக் கொண்டு அளவிடுவது வழக்கம். அவ்வளவுகோல்களோடு மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ளுதல் நலம். அவ்வூரில் ஒரு குழந்தைக்குக் காது குத்தும்போதும், ஒரு பெண்ணுக்கு மாலை சூட்டும்போதும், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும்போதும், ஒரு முதியவரை இறுதியாக வழியனுப்பும்போதும் வாசிக்க வரும் கலைஞர்கள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்பதே அது. மேளமின்றி நம் நாட்டில் நல்ல காரியம் ஏதும் நடைபெற்றதில்லை. ஆயினும், காரியம் முடிந்தபின் மேளக்காரர் எங்கே அமர்ந்து உண்டார், எப்போது கூலி பெற்றார், எவ்வாறு வீடு திரும்பினார் என்று கேட்போர் சிலரே. இக்கேள்விகளை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தல்லாகுளத்தில் காணும் காட்சி

மதுரை மாநகரில் வைகையின் வடகரையில் அமைந்தது தல்லாகுளம். சித்திரைத் திங்களில் அழகர்மலையினின்று புறப்பட்டு வரும் கள்ளழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வணங்கும் எதிர்சேவை, மூன்றுமாவடியிலும் தல்லாகுளத்திலும் நிகழ்கிறது. தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் திருமஞ்சனம் கண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை ஏற்று, தங்கக் குதிரை வாகனத்தில் அமர்ந்து அழகர் வைகைக்கு எழுந்தருளுகிறார். ஆற்றில் இறங்கி மீண்ட பின்னர், தல்லாகுளம் சேதுபதி மண்டபத்திலிருந்து பூப்பல்லக்கில் மலைக்குத் திரும்புகிறார். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் காலத்தில், முன்பு தேனூரில் நடைபெற்ற இவ்விழா மதுரைக்கு மாற்றப்பட்டது என்பது வழிவழியாக வரும் செய்தி.

இவ்விழாவைக் காணச் செல்வோர், வழி நெடுகிலும் அமைந்த மண்டகப்படிகளில் நின்று செவிகொடுத்துக் கேட்டால், நம் வட்டாரத்தின் இசை முழுவதையும் ஒரே தெருவில் கேட்டுவிடலாம். நாதசுரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளம் ஒருபுறம். பம்பையும் சேர்ந்த நையாண்டி மேளம் மற்றொருபுறம். உறுமியும் பறையும் கொம்பும் ஆங்காங்கே எழுப்பும் ஓசை வேறு. இவற்றை வாசிப்போரில் பலர் நகரத்தார் அல்லர்; மேலூர், அலங்காநல்லூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி முதலிய பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து வருபவர்கள். மாநகரின் பெருவிழா, கிராமத்துக் கலைஞரின் மூச்சிலும் விரலிலும் நடைபெறுகின்றது. அக்கலைஞர் தம் ஊரில் வாழ வழியுண்டானால்தான் அடுத்த சித்திரைக்கும் அவர் தல்லாகுளம் வருவார்.

மேளம் பிறந்த இடம்

பெரிய மேளத்தின் ஒரு செட்டில் வழக்கமாக இரண்டு நாதசுரம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதிப் பெட்டி இருக்கும். முற்காலத்தில் சுருதிப் பெட்டியின் இடத்தில் ‘ஒத்து’ என்னும் குழல் இருந்தது. இக்கருவிகள் எவற்றால் ஆனவை என்று ஆராய்ந்தால், அவை உழவரின் தோட்டத்திலிருந்தும் தொழுவத்திலிருந்தும் பிறந்தவை என்பது விளங்கும்.

நாதசுரத்தின் உடல் ஆச்சா மரத்தால் ஆனது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் நன்கு உலர்ந்த உத்தரங்களைக் கைவினைஞர்கள் விரும்பி வாங்குவர். பல்லாண்டு வற்றிய மரம் பிளவுபடாது என்பதே காரணம். தஞ்சை வட்டாரத்து நரசிங்கம்பேட்டை இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குச் செய்யப்படும் நாதசுரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. வாயில் வைத்து ஊதும் சீவாளி, ஆற்றங்கரைகளில் வளரும் நாணல் வகையினின்று செய்யப்படுகிறது. தவிலின் உடல் பலா மரம். அதன் இரு முகங்களுக்கும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் பயன்பட்டு வந்தன. ஒரு முகத்தைப் பூவரசங் குச்சியால் அடிப்பர். மறு முகத்தை, பசையில் நனைத்த துணியை விரலில் சுற்றி உலர்த்திச் செய்த கூடுகளை அணிந்து வாசிப்பர். இன்று தவிலில் இரும்புக் கம்பியும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன. அதனால் மழைக்காலத்திலும் சுருதி இளகாமல் நிற்கிறது. ஆனால் கருவியின் கனமும் விலையும் மிகுந்துள்ளன.

இக்கருவிகளை வாசிப்பது உடலை வருத்தும் உழைப்பு. நாதசுரக்காரர் மணிக்கணக்கில் அடிவயிற்றிலிருந்து மூச்சை எழுப்ப வேண்டும். தவில்காரர் கனமான கருவியைத் தோளில் தாங்கி ஊர்வலம் முழுவதும் நடந்தவாறே வாசிக்க வேண்டும். இத்திறன் ஓரிரு மாதங்களில் வருவதன்று. சிறு வயதிலேயே குருவிடம் அமர்ந்து, பல ஆண்டுகள் காலையும் மாலையும் சாதகம் செய்தால்தான் கைகூடும். நல்ல விதை வயலுக்கு வருமுன் எத்தனை பருவங்கள் கடக்கின்றனவோ, அவ்வாறே நல்ல மேளம் பந்தலுக்கு வருமுன் பல ஆண்டுகள் கடக்கின்றன.

இப்பயிற்சியின் பயனாகவே திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) போன்ற மேதைகள் தோன்றினர். மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் 1968-இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ திரைப்படத்திற்கு நாதசுரம் வாசித்து, மதுரையின் பெயரைத் தமிழர் வாழும் இடமெல்லாம் கேட்கச் செய்தனர். மதுரை எம். எஸ். பொன்னுத்தாய், ஆடவரே பெரிதும் வாசித்து வந்த இக்கருவியை ஏந்தி அரங்கேறிய முன்னோடிப் பெண்மணி. ஷேக் சின்ன மௌலானா (1924–1999) இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து, திருவரங்கத்தில் வாழ்ந்து, கோயில்களிலும் மேடைகளிலும் நாதசுரத்தால் புகழ் கொண்டார். இக்கலைக்கு ஆண், பெண் என்ற வேறுபாடும் சமய வேறுபாடும் தடையாக நிற்கவில்லை என்பதற்கு இவர்கள் வாழ்வே சான்று.

ஒரு முகூர்த்தத்தின் கணக்கு

‘ஒருநாள் வந்து ஊதிவிட்டுப் போவதற்கு இவ்வளவு பணமா?’ என்று திருமண வீட்டார் கேட்பதுண்டு. உழவர்களுக்குக் கணக்குப் புதிதன்று. ஆகவே ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்திற்காக மட்டும் எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், கலைஞருக்குக் கலைஞர் மாறுபடும்.

ஐந்து பேர் கொண்ட ஒரு செட்டுக்கு ரூ. 20,000 பேசப்பட்டதாகக் கொள்வோம். வண்டிச் செலவு ரூ. 2,500. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்து தந்த இடைத்தரகருக்கு ரூ. 2,000. சீவாளி, தோல், வார் முதலிய கருவிச் செலவுக்கென ஒதுக்குவது ரூ. 500. எஞ்சுவது ரூ. 15,000. ஐவரும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு ரூ. 3,000. முதல்நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம் என இரண்டு நாள் உழைப்பு இது. ஆகவே ஒரு நாளைக்கு ரூ. 1,500.

இது நல்ல கூலியாகவே தோன்றும். ஆனால் ஆண்டு முழுவதும் முகூர்த்தம் இல்லை. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் பெரும்பாலோர் திருமணம் செய்வதில்லை. ஏனைய மாதங்களிலும் வளர்பிறை, நல்ல நட்சத்திரம் பார்த்தே நாள் குறிப்பதால், ஒரே நாளில் பத்து ஊர்களில் கெட்டிமேளம் ஒலிக்கும். ஒரு கலைஞர் ஓர் இடத்தில்தானே இருக்க முடியும்? ஆண்டில் 40 திருமணங்கள் கிடைத்தாலும் வருமானம் ரூ. 1,20,000, அதாவது மாதம் ரூ. 10,000. வானம் பார்த்த பூமியில் மானாவாரிப் பயிர் செய்பவருக்கு இந்நிலை நன்கு புரியும். அவருக்கு மழை எவ்வாறோ, மேளக்காரருக்கு முகூர்த்தம் அவ்வாறே.

நையாண்டி மேளம், உறுமி ஆகியவற்றை வாசிப்போருக்குப் பருவம் சற்று வேறு. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் விழாக்களும், மாசியிலும் பங்குனியிலும் குலதெய்வ வழிபாடும் வேலை தருகின்றன. ஆயினும் பயிரில்லாக் காலம் அவர்களுக்கும் உண்டு. இந்நிலையில் பேசிய தொகையில் ரூ. 2,000 குறைப்பதும், ‘அறுவடை முடிந்ததும் தருகிறேன்’ என்று தவணை சொல்வதும் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கும் செயலாகும். நெல்லுக்குரிய விலை உரிய நாளில் கிடைக்க வேண்டும் என்று கேட்கும் நாம், இசைக்குரிய விலையை உரிய நாளில் கொடுத்தல் வேண்டாமா?

ஒலிபெருக்கியும் மேளமும்

மேளத்தின் வாழ்வுக்கு இன்று நேர்ந்துள்ள மற்றோர் இடர் ஒலிபெருக்கி. திரைப்பாடல்களைப் பதிவு செய்து, வண்டி நிறைய அடுக்கிய பெட்டிகளின் வழியே ஒலிக்கச் செய்வது எளிதும் மலிவும் ஆனது. வெளி மாநிலத்திலிருந்து செண்டை மேளம் அழைப்பதும் பல ஊர்களில் வழக்கமாகியுள்ளது. பிற நாட்டுக் கலையையும் புதிய கருவியையும் நாம் வெறுக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே தெருவில் வைப்பதே குறை.

என் சுற்றுப்பயணத்தில் ஒரு சிற்றூரில் கண்ட நிகழ்ச்சியை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். அம்மன் ஊர்வலத்தின் முன் நாதசுரக்காரர் மல்லாரி வாசிக்கத் தொடங்கினார். மல்லாரி என்பது சுவாமி புறப்பாட்டின்போது கம்பீர நாட்டை இராகத்தில் வாசிக்கப்படுவது. பின்னால் வந்த வண்டியில் திரைப்பாடல் முழங்கிற்று. சில நிமிடம் முயன்று பார்த்த அம்முதியவர், சீவாளியைக் கழற்றித் துடைத்து, கருவியை உறையிலிட்டுச் சாலையோரம் அமர்ந்துவிட்டார். சினந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. விழாக் குழுவினர் அருகில் சென்று கேட்டபோது, ‘எனக்கே என் சுருதி கேட்கவில்லை, ஐயா, சாமிக்கு எப்படிக் கேட்கும்?’ என்றார். குழுவினர் கூடிப் பேசி வண்டியை ஊரின் மறுபுறம் அனுப்பினர். மறு ஆண்டு முதல், மேளம் வாசிக்கும் நேரம், பாடல் ஒலிக்கும் நேரம் எனப் பிரித்து நோட்டீசிலேயே அச்சிட்டனர். இளைஞருக்கும் மனக்குறை இல்லை, முதியவருக்கும் இல்லை. இதற்கு ஊரார் செலவிட்டது அரை மணி நேரப் பேச்சு மட்டுமே.

சட்டமும் இவ்வொழுங்கையே விரும்புகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின்படி, ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி பெறுதல் வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தலாகாது. குடியிருப்புப் பகுதிகளில் ஒலியின் அளவு பகலில் 55 டெசிபலையும் இரவில் 45 டெசிபலையும் மீறலாகாது. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம். பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் இரவு 12 மணி வரை தளர்வளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. இரவு நேரக் கட்டுப்பாடு இசைக்கருவிகளுக்கும் பொருந்தும் என்பதை விழாக் குழுவினர் மறவாது, நிகழ்ச்சி நிரலை அதற்கேற்ப வகுத்துக்கொள்ள வேண்டும்.

பறையும் மனித மதிப்பும்

மங்கல இசையைப் பற்றிப் பேசும்போது துக்க வீட்டின் இசையை விட்டுவிடுதல் முறையன்று. பறையை ஒரு சாதியாரின் கட்டாய வேலையாக்கி, சாவுக்கு அடிப்பது அவர்கள் கடமை என்றும், கூலி கேட்பது அவர்கள் குற்றம் என்றும் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அவ்வெண்ணத்தின் சுவடு சில ஊர்களில் இன்னும் மறையவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. ஒருவரை அவர் விருப்பத்திற்கு மாறாக வாசிக்கச் சொல்லவோ, வாசிக்க மறுத்ததற்காக அவர் குடும்பத்தை ஒதுக்கி வைக்கவோ ஊருக்கு உரிமையில்லை.

பறை இழிவான கருவி என்ற எண்ணமும் பொய்யாகிவிட்டது. நம் மதுரை மாவட்டத்து அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. சுடுகாட்டு வழியில் மட்டும் ஒலிக்க விடப்பட்ட கருவி, நாட்டின் உயர்ந்த விருதுகளுள் ஒன்றைப் பெறும் மேடைக்கு ஏறியுள்ளது. இன்று நகரத்துப் பிள்ளைகளும் பெண்களும் பறை பயில்கின்றனர். கலை என்ற முறையில் விரும்பிக் கற்பவரிடம் பறை பெருமையாக நிற்கிறது. கட்டாயம் என்ற முறையில் சுமத்தப்பட்டபோது அது சுமையாக இருந்தது. கருவி ஒன்றே, ஊர் அதனை நடத்திய முறையே வேறு.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடியவை

இவ்வகையில் பெரும் நிதி ஏதுமின்றியே செய்யக்கூடிய பணிகள் சிலவற்றைக் கீழே தொகுத்துள்ளேன்.

1. ஊரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள நாதசுரம், தவில், நையாண்டி மேளம், உறுமி, பறைக் கலைஞர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை அவர்கள் ஒப்புதலுடன் தயாரித்து வைக்கலாம். திருமண வீட்டார் இடைத்தரகரின்றி நேரே அழைக்க இது உதவும்.

2. 2007-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் தகுதியுள்ள கலைஞர்கள் பதிவு செய்துகொள்ளத் துணைபுரியலாம். மதுரையிலுள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் இதற்கான விவரங்களைப் பெறலாம். எழுதப் படிக்கத் தயங்கும் முதியவருக்கு மனு எழுதிக் கொடுப்பதும் மக்கள் தொண்டே.

3. நலிந்த நிலையில் வாழும் முதிய கலைஞர்களுக்கும், கருவி வாங்க வசதியற்றோருக்கும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வாயிலாக நிதியுதவித் திட்டங்கள் உள்ளன. இவற்றைக் கிராம சபைக் கூட்டத்தில் அறிவிக்கலாம்.

4. மதுரையில் அரசு இசைக் கல்லூரி உள்ளது. சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் நடைபெறுகின்றன. நாதசுரமும் தவிலும் பயில விரும்பும் பிள்ளைகளை, அவர்கள் எக்குலத்தில் பிறந்தவராயினும், ஆண் பெண் வேறுபாடின்றி இங்கு அனுப்ப ஊக்கமளிக்கலாம்.

5. ஊர்த் திருவிழாவிற்கான கூட்டத்தில், மேளத்திற்கான நேரம், ஒலிபெருக்கிக்கான நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே வகுத்து, காவல் நிலையத்தில் உரிய அனுமதி பெறுமாறு விழாக் குழுவினருக்கு அறிவுரை கூறலாம்.

அச்சாரச் சீட்டு

திருமண வீட்டாருக்கும் மேளக்காரருக்கும் இடையே எழும் பிணக்குகளில் பல, வாய்ப் பேச்சோடு அச்சாரம் கொடுப்பதால் விளைகின்றன. நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்கிறோம் அல்லவா? அவ்வாறே மேளத்திற்கும் ஒரு சீட்டு எழுதிக்கொள்ளுதல் நலம். அதில் அடங்க வேண்டியவை: நிகழ்ச்சியின் நாளும் இடமும், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், வரும் கலைஞர்களின் எண்ணிக்கை, பேசிய தொகை, அச்சாரம், மீதியைக் கொடுக்கும் நேரம், வண்டிச் செலவு யாருடையது என்பது, தங்குமிடமும் உணவும், நிகழ்ச்சி நின்றுபோனால் அச்சாரம் திரும்பத் தரப்படுமா என்பது. இரு தரப்பாரும் கையொப்பமிட்டு ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொண்டால் போதும். இச்சீட்டு கலைஞரையும் கட்டுப்படுத்தும். ஒப்புக்கொண்ட நாளில் வேறோர் இடத்தில் கூடுதல் தொகை கிடைத்ததென்று வராமல் போவதும், நால்வர் வருவதாகச் சொல்லி மூவர் வருவதும் தவறே.

இல்லத்தார் கருத வேண்டியவை

உழவர் இல்லங்களில் நடைபெறும் விசேடங்களில் நான்கு செய்திகளை நினைவிற் கொள்ளலாம். முதலாவது, மேளக்காரர் அமர நிழலும் பாயும் மின்விசிறியும் உள்ள இடம் தருதல். பந்தலின் வெளியே வெயிலில் அமர்த்தினால் சீவாளி உலர்ந்து நாதம் கெடும். இரண்டாவது, உணவு. ஊதுபவர் வயிறு நிறைய உண்டபின் உடனே வாசிக்க இயலாது. முகூர்த்தத்திற்கு முன் இலேசான சிற்றுண்டியும், முடிந்தபின் விருந்தினரோடு ஒரே பந்தியில் சாப்பாடும் அளிப்பதே முறை. கடைசிப் பந்தியில் எஞ்சியதைக் கொடுப்பது மேளத்திற்கும் மணமக்களுக்கும் செய்யும் அவமதிப்பாகும். மூன்றாவது, வாசிப்பவரைக் கேட்டல். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் மட்டும் கையைத் தூக்கிச் சைகை காட்டிவிட்டு, மற்ற நேரமெல்லாம் அவர் இருப்பதையே மறந்துவிடுகிறோம். அவர் ஓர் இராகத்தை விரித்து வாசிக்கும்போது இரண்டு பெரியவர்கள் அருகில் அமர்ந்து தலையசைத்தால், அவர் வாசிப்பே மாறுவதைக் காணலாம். நான்காவது, மீதித் தொகையைப் பந்தல் பிரிக்கும் முன், வெற்றிலை பாக்கோடு வீட்டின் மூத்தவர் கையால் கொடுத்தல்.

முடிவுரை

சாலை பழுதானால் மீண்டும் போடலாம். குழாய் உடைந்தால் மாற்றலாம். ஒரு தலைமுறை மேளத்தைக் கீழே வைத்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அதனைக் கற்பிக்க ஆளிராது. தம் மகன் இத்தொழிலுக்கு வரவேண்டாம் என்று பல கலைஞர்கள் எண்ணுகின்றனர். இசை வேண்டாம் என்பதால் அவர்கள் அவ்வாறு எண்ணவில்லை. இசைக்கு உரிய கூலியும் மதிப்பும் கிடையாதென்று கண்டதால் எண்ணுகின்றனர். அவ்விரண்டையும் தரவல்லவர்கள் அரசு மட்டுமல்லர். தாம்பூலத் தட்டை ஏந்தி நிற்கும் ஒவ்வோர் இல்லத்தாரும், விழாக் கணக்கு எழுதும் ஒவ்வோர் ஊர்ப் பெரியவரும், பட்டியலும் மனுவும் எழுதித்தர முன்வரும் ஒவ்வோர் ஊராட்சி உறுப்பினரும் ஆவர். வரும் தை மாதத்து முதல் முகூர்த்தத்திற்கு மேளம் பேசும்போது, ஒரு சீட்டு எழுதி, உரிய தொகையைக் குறித்து, உரிய நாளில் கொடுப்போமாக. ஊரின் நல்ல காரியம் அங்கிருந்தே தொடங்கட்டும்.